த்ராட்டில் பாடி கூலண்டைத் திருப்பிவிட்டால் எஞ்சின் சூடு குறையுமா?

கேள்வி இதுதான்: எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் நுழைந்து வெளியேறும், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் இரண்டு சிறிய ஹோஸ்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே போகும் காற்று குளிர்ந்து வலு கூடும் என்கிறார்கள் சிலர். கூலண்ட் ஓட்டம் கெட்டு எஞ்சின் சூடேறிவிடும் என்று பயப்படுகிறார்கள் வேறு சிலர். எது உண்மை?

சரியாக இணைத்தால் எஞ்சினின் வெப்பநிலை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. வலுவும் அளந்து காட்டக்கூடிய அளவுக்குக் கூடாது. கையால் தொட்டால் த்ராட்டில் பாடி முன்பைவிடக் குளிர்ந்திருக்கும். அது மட்டும் உண்மை. ஆனால் இணைக்காமல் அடைத்துவிட்டால், சில எஞ்சின்களில் பயப்படுகிறவர்களின் கட்சி வென்றுவிடும். ஆகவே காரணங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

முதலில், அந்த இடத்துக்குச் சூடான கூலண்ட் எதற்காகப் போகிறது? த்ராட்டில் தகடு பாதி மூடியிருக்கும்போது அதன் ஓரத்திலுள்ள குறுகிய இடைவெளி வழியாகக் காற்று மிக வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடும் இடத்தில் காற்றின் அழுத்தமும் வெப்பநிலையும் அந்தக் கணத்துக்குச் சரிகின்றன. வெளிக்காற்று ஈரமாகவும் உறைநிலையை ஒட்டியும் இருந்தால், அந்த ஈரம் தகட்டின் விளிம்பில் பனிக்கட்டியாகப் படியும். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் ஆவியிலும் தண்ணீர் நிறைய உண்டு. அதுவும் அங்கே சேர்ந்து உறையும். பனி படிந்த தகடு சரியாக மூடாது, அல்லது திறக்காது. கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் பெரியது. பெட்ரோல் அங்கேயே ஆவியாகிச் சுற்றியிருந்த வெப்பத்தை உறிஞ்சியதால், 20 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட ஈரமான நாட்களில்கூட உள்ளே பனி பிடிக்கும். சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு தனிக் கைப்பிடி இருப்பது இதற்காகத்தான். இன்றைய எஞ்சின்களில் பெட்ரோல் த்ராட்டிலைத் தாண்டிய பிறகே பீச்சப்படுகிறது. அதனால் அபாயம் குறைந்தது. ஆனால் கடுங்குளிர் உள்ள இடங்களில் முற்றிலும் போய்விடவில்லை.

இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1990களின் பல எஞ்சின்களில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலிங்கை (பெடலை அழுத்தாதபோது எஞ்சின் சுழலும் வேகத்தை) உயர்த்தி வைக்க மெழுகு அடைத்த ஒரு சிறிய வால்வு இருந்தது. பழைய ஹோண்டாக்களிலும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இலும் இதைப் பார்க்கலாம். கூலண்ட் சூடாகும்போது மெழுகு விரிந்து வால்வை மூடும். ஐடிலிங் இயல்புக்கு இறங்கும். அந்தக் கூலண்டை வரவிடாமல் செய்தால் எஞ்சின் முழுதாகச் சூடான பிறகும் வால்வு இன்னும் குளிர்காலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஐடிலிங் 1500 ஆர்பிஎம்முக்கு மேல் நிற்கும். பெடலை விட்ட பிறகும் வேகம் இறங்காததைக் கண்டு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு எரிபொருளை வெட்டும், வேகம் சரியும், மறுபடி எரிபொருள் தரும், வேகம் ஏறும். இப்படி ஏறி இறங்கி ஆடும் ஐடிலிங்குக்குக் காரணம் தேடி சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பவர்களிடம், முன்பு யாராவது இந்த ஹோஸ்களைத் தொட்டார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

இப்போது வலுவின் கணக்கு. 1.5 லிட்டர் எஞ்சின் ஒன்று 6000 ஆர்பிஎம்மில், த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குச் சுமார் 80 கிராம் காற்று உள்ளே போகும். த்ராட்டில் பாடியின் துளை 55 மில்லிமீட்டர், சூடான பகுதியின் நீளம் 6 சென்டிமீட்டர் என்றால், காற்று அதைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய 2 மில்லிவினாடி. சுவர் 85 டிகிரியிலும் காற்று 35 டிகிரியிலும் இருந்தால், குழாய்களில் வெப்பம் கடத்தப்படுவதற்கான வழக்கமான சூத்திரம் சுமார் 50 வாட் என்று காட்டும். நுழைவாயிலில் ஏற்படும் கொந்தளிப்பைத் தாராளமாகச் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும் 100 வாட்டுக்குள்தான். வினாடிக்கு 80 கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்கவே 80 வாட் வேண்டும். ஆக, காற்று சூடாவது அரை டிகிரியிலிருந்து ஒன்றேகால் டிகிரி வரை.

அந்த வெப்பநிலையில் காற்று ஒரு டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 0.3 சதவீதம் குறையும். 100 குதிரைத்திறன் எஞ்சினில் 0.3 குதிரைத்திறன். வலுவை அளக்கும் இயந்திரமான டைனோவில் வெப்பநிலைக்காகச் செய்யும் திருத்தக் கணக்குகளைக் கொண்டு பார்த்தால் அதிலும் பாதிதான். அந்தப் பாதியும் முழுதாகக் கைக்கு வராது. ஏனென்றால் கூலண்டை நிறுத்தினாலும் த்ராட்டில் பாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்கிவிடுவதில்லை; காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் சூடான மேனிஃபோல்டின் மீது போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, பானட்டுக்குள் சூடான காற்று சூழ்ந்திருக்கிறது. ஒரே காரை டைனோவில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே டயரின் சூட்டாலும் எண்ணெயின் சூட்டாலும் ஒரு சதவீத வித்தியாசம் சாதாரணமாக வரும். அதற்குள் இந்த 0.2ஐத் தேடிக் கண்டுபிடித்ததாக ஒருவர் சொன்னால், அவர் அளந்தது வேறு எதையோ.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். த்ராட்டில் பாடியைத் தாண்டிய காற்று அதோடு சிலிண்டருக்குள் போய்விடுகிறதா? மேனிஃபோல்டின் நீளமான குழாய்கள், அதற்குப் பிறகு சிலிண்டர் ஹெட்டுக்குள் கூலண்ட் சூழ்ந்த போர்ட், அதற்கும் பிறகு சில நூறு டிகிரியில் இருக்கும் இன்டேக் வால்வின் முதுகு என்று எல்லாவற்றையும் உரசிக்கொண்டுதான் போகிறது. அங்கே பெறும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் 6 சென்டிமீட்டர் அலுமினிய வளையம் தருவது எள்ளளவு.

அப்படியானால், ஹோஸ்களை மாற்றிய பிறகு, காரின் சென்சார் எண்களைக் காட்டும் ஸ்கேனரில் இன்டேக் வெப்பநிலை (உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை) ஐந்து, பத்து டிகிரி குறைந்தது என்று பலர் சொல்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். பல கார்களில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்த காற்றளவு மானிக்குள், த்ராட்டிலுக்கு வெகு முன்னால் இருக்கிறது. அத்தகைய காரில் இந்த மாற்றத்தால் எண் அசையவே கூடாது. அசைந்தால் அன்றைய வானிலை மாறியிருக்கிறது என்று அர்த்தம். வேறு சில கார்களில் சென்சார் மேனிஃபோல்டிலோ த்ராட்டில் பாடியை ஒட்டியோ திருகப்பட்டிருக்கும். அப்போது அது காற்றின் வெப்பத்தோடு தன்னைப் பிடித்திருக்கும் உலோகத்தின் வெப்பத்தையும் சேர்த்தே சொல்கிறது. கார் நிற்கும்போது காற்று மெதுவாக நகர்வதால் உலோகத்தின் குரலே ஓங்கிக் கேட்கும். உலோகத்தைக் குளிர வைத்தால் எண் இறங்கும். உள்ளே போகும் காற்று அதே அளவுக்கு இறங்கியதாக அதற்குப் பொருள் இல்லை. நின்ற இடத்தில் ஸ்கேனரைப் பார்த்துவிட்டுச் சொல்லப்படும் முடிவுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

நின்ற நிலையில் காற்றே கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறது என்பதும் உண்மைதான். ஐடிலிங்கில் வினாடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றுதான் போகிறது. முழு வேகத்தில் போவதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. சுவரோடு அதிக நேரம் இருப்பதால் பல டிகிரி ஏறலாம். ஆனால் சிக்னலில் நிற்கும் எஞ்சினிடம் யாரும் வலுவை எதிர்பார்ப்பதில்லை. பச்சை விளக்கு விழுந்து பெடலை அழுத்தியதும் பாயும் காற்று அந்தச் சூட்டை விரைவாகத் துடைத்துவிடும்.

வலு கூடும் என்பவர்களின் பக்கம் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. இன்டேக் வெப்பநிலை ஒரு வரம்பைத் தாண்டினால் நாக்கிங் (எரிபொருள் தறிகெட்டு எரிவது) வராமலிருக்க இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். சென்சார் மேனிஃபோல்டில் இருக்கும் கார், கடும் வெயில், நின்று நின்று நகரும் போக்குவரத்து, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பொய்யான சூட்டு எண்ணைக் கண்டு இசியு தேவைக்கு மேல் டைமிங்கைக் குறைத்துவிடலாம். அப்போது கூலண்டைத் திருப்பிவிட்டால், நின்று கிளம்பும் முதல் சில வினாடிகளில் எஞ்சின் சற்றுச் சுறுசுறுப்பாக இருப்பது போலத் தோன்றுவது முழுக்க மனப்பிரமை இல்லை. இதைச் சோதிக்க வழி சுலபம். ஸ்கேனரில் இன்டேக் வெப்பநிலையையும் இக்னிஷன் டைமிங்கையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஒரே வெளி வெப்பநிலையில், ஒரே சாலையில், ஒரே கியரில், ஓடும்போது எடுத்த பதிவுகளை ஒப்பிடுங்கள். டைமிங் மாறவில்லை என்றால் வலுவும் மாறவில்லை.

டர்போ எஞ்சின்களில் இந்த மாற்றத்தால் கிடைப்பது இன்னும் குறைவு. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் காற்று ஏற்கெனவே வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் சுவருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. காற்றின் நிறையோ அதிகம்.

மைலேஜ் கூடும் என்பதையும் நம்ப வேண்டாம். நிதானமாக ஓட்டும்போது நாம் த்ராட்டிலால் காற்றை மறித்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். காற்று சற்றுச் சூடாக, அதாவது மெல்லியதாக இருந்தால், அதே வலுவுக்குத் தகடு கூடுதலாகத் திறக்கும். காற்றை உறிஞ்ச எஞ்சின் செலவிடும் உழைப்பு குறையும். ஆகவே பாதித் த்ராட்டிலில் சூடான காற்று மைலேஜுக்கு மிகச் சிறிய அளவில் உதவவே செய்கிறது. இந்த இடத்தில் வித்தியாசம் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாதது என்பதால் இதோடு விடுகிறேன்.

இனி எஞ்சின் சூட்டுக்கு வருவோம். 100 குதிரைத்திறன் எஞ்சின் முழு வலுவில் உழைக்கும்போது கூலண்ட் வழியாக வெளியேற வேண்டிய வெப்பம் பல பத்தாயிரம் வாட். த்ராட்டில் பாடி காற்றுக்குக் கொடுப்பது, மேலே பார்த்தபடி, நூறு வாட்டுக்கும் குறைவு. அதை நிறுத்தினால் ரேடியேட்டரின் பாரம் கூடும் என்று சொல்வது கணக்கில் சரி, நடைமுறையில் பூஜ்யம். அதோடு எஞ்சினின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட் எனும் வால்வு. அது 82 டிகிரியில் திறக்கும் வகையோ 90 டிகிரியில் திறக்கும் வகையோ, கொஞ்சம் கூடுதல் வெப்பம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பழைய இடத்திலேயே நிறுத்திவிடும். இந்த மாற்றத்துக்குப் பிறகு கேஜில் முள் இறங்கிவிட்டது என்றால், கூலண்டை மாற்றி நிரப்பியபோது வேறு ஏதாவது சரியாகியிருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம்.

முள் ஏறினால்? அங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது, அதற்கும் த்ராட்டில் பாடியின் வெப்பத்துக்கும் தொடர்பே இல்லை. அந்தச் சிறிய ஹோஸ் பல எஞ்சின்களில் கூலண்ட் அமைப்பின் மிக உயரமான இடத்தில் இருக்கிறது. உயரத்தில் காற்றுக் குமிழிகள் சேரும். ஹோஸ் வழியாக ஓடும் கூலண்ட் அந்தக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கோ எக்ஸ்பான்ஷன் டேங்குக்கோ கொண்டுபோய் விடுகிறது. சூடாக்கும் வேலைக்காகப் போடப்பட்ட குழாய், காற்றை வெளியேற்றும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இதை அறியாமல் இரண்டு முனைகளிலும் போல்ட்டைச் செருகி அடைத்தால், குமிழிகள் ஹெட்டுக்குள் சிக்கி ஏர் லாக் ஆகும். குமிழி நிற்கும் இடத்தில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது கூலண்ட் அல்ல, ஆவி. அது வெப்பத்தை எடுத்துப் போகாது. அந்த இடம் மட்டும் கொதிக்கும். சென்சார் வேறு இடத்தில் இருப்பதால் கேஜ் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள சீலான ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியவரும்.

இதற்குத் தெளிவான உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 எஞ்சின்கள். 1997இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 முதல் இந்தக் குடும்பத்தில், இரண்டு சிலிண்டர் ஹெட்களின் உச்சியிலிருந்தும் ஆவியை வெளியேற்ற ஒரு மெல்லிய குழாய் வருகிறது. பல மாடல்களில் அது த்ராட்டில் பாடி வழியாகத்தான் கடந்து போகும். இங்கே த்ராட்டில் பாடியை விட்டுவிடலாம், ஆனால் குழாயை விட்டுவிட முடியாது. ஹெட்டிலிருந்து வரும் முனையை நேராக ரேடியேட்டர் பக்கம் போகும் ஹோஸோடு இணைத்தே ஆக வேண்டும்.

ஆகவே கையில் கத்தியை எடுக்கும் முன், ஹோஸ் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். சில எஞ்சின்களில் அது த்ராட்டில் பாடியைக் கடந்து டர்போவுக்கோ வேறொரு வால்வுக்கோ போகும். மெழுகு வால்வு இருக்கிறதா என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். இருந்தால் அதற்கான ஓட்டத்தைத் தொடாதீர்கள்.

உறைபனி விழும் இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஒரே வேகத்தில் போன பிறகு பெடலை விட்டால் தகடு மூட மறுப்பது விளையாட்டு அல்ல. கேபிள் த்ராட்டிலில் கார் தொடர்ந்து இழுத்துக்கொண்டு போகும். மின்னணு த்ராட்டிலில் மோட்டார் தகட்டை அசைக்க முடியாமல் திணறி, இசியு எச்சரிக்கை விளக்கைப் போட்டு வலுவை வெட்டிவிடும். 0.2 குதிரைத்திறனுக்காக இந்தப் பரிசோதனையை யாரும் செய்ய வேண்டியதில்லை. உறைபனியே காணாத வெப்பப் பிரதேசங்களில் இந்த ஆபத்து அநேகமாக இல்லை. செய்தால் கெடுதல் குறைவு, செய்வதால் பயனும் குறைவு.

எனக்கு இந்த மாற்றத்தின் மீது கோபம் எதுவும் இல்லை. இரண்டடி ஹோஸையும் இரண்டு கிளாம்ப்களையும் பளபளக்கும் பெட்டியில் போட்டு, வலு கூட்டும் சாதனம் என்று விற்பதன் மீதுதான். ஏனென்றால் இது பழுதுநீக்கும் வேலையாக உண்மையிலேயே பயன்படுகிறது. பழைய த்ராட்டில் பாடிகளில் கூலண்ட் நுழையும் உலோக முனை அரித்துப்போகும். அல்லது அடியிலுள்ள சீல் இற்றுப்போய்க் கூலண்ட் கசிந்து துளைக்குள் வரும். கூலண்ட் காரணமில்லாமல் குறைவதும், வெள்ளைப் புகையும், த்ராட்டில் துளைக்குள் ஈரமும் இதற்கான அடையாளங்கள். புதிய த்ராட்டில் பாடி கிடைக்கும்வரை கூலண்டை அதற்கு வெளியே திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். கூலண்ட் வழியே இல்லாத பெரிய த்ராட்டில் பாடியைப் பொருத்துகிறவர்களுக்கும் வேறு வழி கிடையாது. ரேஸ் ஓட்டத்தில் ஒரு இணைப்பு குறைந்தால் கசிய ஒரு இடம் குறைந்தது என்பதும் போதுமான காரணம்.

செய்வதென்றால் எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு செய்யுங்கள். சூடான கூலண்ட் அழுத்தத்தில் இருக்கும், மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். இரண்டு ஹோஸ்களின் உள்விட்டத்துக்குப் பொருந்தும், விளிம்பில் வரிப்பற்கள் உள்ள இணைப்பானால் அவற்றை இணையுங்கள், அல்லது கூலண்டுக்கென்றே தயாரித்த புதிய ஹோஸ் ஒன்றை முனைக்கு முனை போடுங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் அந்தச் சூட்டில் இளகிவிடும். ஹோஸ் கூர்மையாக மடியக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் சாயவும் கூடாது. த்ராட்டில் பாடியில் காலியாகிவிட்ட முனைகளுக்குத் தூசு புகாமல் ரப்பர் மூடி போட்டால், பிறகு மனம் மாறினால் பழையபடி பொருத்திக்கொள்ளலாம்.

சிந்திய கூலண்டை அதே வகையால் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழிகள் நிற்கும்வரை ஓட விடுங்கள். ஆறிய பிறகு அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள். அடுத்த சில முறை ஓட்டி ஆறவிட்ட பிறகும் இதையே செய்யுங்கள். ஹீட்டரிலிருந்து சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி வந்தால், அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அது வெளியேறும்வரை எஞ்சினை வேகமாக ஓட்ட வேண்டாம்.

குளிர்ந்த காற்றுதான் நோக்கம் என்றால், ஏர் ஃபில்டர் பெட்டி எங்கிருந்து மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். முன்பக்கக் கிரில்லிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய் விரிசல் விட்டோ கழன்றோ இருந்தால், எஞ்சின் ரேடியேட்டரைத் தாண்டி வந்த காற்றை உறிஞ்சுகிறது. அது வெளிக்காற்றைவிட 20, 30 டிகிரி சூடாக இருக்கலாம். திறந்த கூம்பு ஃபில்டரைப் பானட்டுக்குள் மாட்டியவர்களுக்கும் இதே கதைதான். கழன்ற அந்தக் குழாயைத் திரும்ப மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.